இரண்டாம் சங்குக்கும் மூன்றாம் சங்குக்கும் நடுவில்

சுவர்க் கடிகாரத்தைத்தான் மலாக்கி முதலில் கழற்றுவார். ஆணியிலிருந்து இரண்டு கையாலும் தூக்கி, துண்டில் சுற்றி, அரிசி டின்னுக்குள் வைத்து மூடுவார். பிறகு ஃப்ரிட்ஜின் வயரைப் பிடுங்குவார். அது கடைசியாக ஒருமுறை உடம்பை உதறி அடங்கும்வரை பக்கத்திலேயே நிற்பார். அடுத்தது மின்விசிறி. சொட்டுகிற குழாயின் வாயில் ஒரு கந்தலைக் கட்டி அதன் நுனியை வாளிக்குள் விடுவார். தண்ணீர் துணி வழியே ஓசையில்லாமல் இறங்கிவிடும். அடைகாக்கும் கோழியைக் கூடையோடு தூக்கிப்போய் சமையல் கொட்டகையில் வைத்துவிட்டு வருவார். வீட்டில் இருந்த சத்தங்களை ஒவ்வொன்றாக வழியனுப்பிய பிறகுதான் ஜன்னலோரம் உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டுவார். மாட்டியதும் பொத்தானை அழுத்திவிட மாட்டார். காதுக்குள் சொந்த ரத்தம் ஓடுகிற சத்தம் கொஞ்சம் தணியட்டும் என்று காத்திருப்பார்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் இது நடக்கும். அவருடைய மனைவி தெலேசியா அந்த நேரம் பார்த்து வேண்டுமென்றே வாசலில் வந்து நிற்பாள்.

"ஃப்ரிட்ஜுல மீன் இருக்கு மலாக்கி. கெட்டுப்போச்சுன்னா உன் மூத்தவளையே வந்து ஆக்கிப்போடச் சொல்லு."

மூத்தவள் என்பது ஒரு கேசட். அதில் இருப்பது ஒரு பெண்ணின் குரல். ஒரே ஒரு செபப்பாட்டு. இரண்டு நிமிஷத்துக்குப் பத்து விநாடி குறைவு. அந்தப் பெண் யார், பெயர் என்ன, கறுப்பா சிவப்பா என்று மலாக்கிக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமலே முப்பத்தைந்து வருஷம் போயிருந்தது.

சமோவாத் தீவுகளின் தலைநகரான ஆபியாவில், வானொலி நிலையத்தில் அவர் ஒலிப்பதிவுக்காரர். சமோவாவில் பாடாத ஊர் கிடையாது. அவர் மைக் வைக்காத ஊரும் அநேகமாகக் கிடையாது. நிலையத்தில் புதிதாகச் சேருகிறவர்கள், "உங்களுக்குப் பிடிச்ச பதிவு எது ஐயா?" என்று கேட்டால் இரண்டு மூன்றைச் சொல்வார். படகுப் போட்டியில் தோற்றுவிட்டு வந்த நாற்பது துடுப்புக்காரர்கள், மழைக்குப் படகுக் கொட்டகையில் ஒதுங்கிப் பாடியது ஒன்று. தொண்டையெல்லாம் கட்டிப்போயிருந்தது. தகரக் கூரையில் மழை. யாரும் யாரையும் முந்தப் பார்க்கவில்லை. "ஜெயிச்சிருந்தா அந்தப் பாட்டு கெட்டுப்போயிருக்கும்" என்பார். இன்னொன்று, ஒரு நர்ஸ் ஊசி போடும்போது குழந்தைக்கு முணுமுணுத்தது. ஊசி இறங்குகிற இடத்தில் அவள் மூச்சும் நிற்கும். அதுதான் அந்தப் பதிவின் உயிர்.

"நல்ல குரல் ஊருக்கு நூறு இருக்கு. குரலைப் பதிவு பண்றது பெரிசில்ல. குரல் எங்க நிக்குது, அதுக்கும் நமக்கும் நடுவுல எவ்வளவு காத்து இருக்கு, அது பிடிபடணும். மூச்சு இழுக்கிறது கேக்கணும். பதிவாகுதுன்னு அவங்களுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சு பாடினா தொண்டைதான் பாடும். தெரியாம பாடினா ஆளே பாடும்."

கேசட்டைப் பற்றி மட்டும் யாரிடமும் வாய் திறக்க மாட்டார். காரணம் இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்று. அவருக்கு இருபத்துநாலு வயது. சவாயி தீவின் மேற்குக் கரையில் லலோவாய் என்ற ஊரின் தேவாலயப் பாடகர் குழுவைப் பதிவு செய்துவர நிலையம் அனுப்பியிருந்தது. போதகர் வீட்டில் தங்கல். பகலெல்லாம் வேலை நடக்கவில்லை: பிள்ளைகள், பன்றிகள், கோடாலி, பஸ் என்று ஒரே சத்தம். சாயங்காலம் தேவாலயப் படியில் மைக்கை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது முதல் சங்கு ஊதிவிட்டது. முதல் சங்குக்கு எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டும். இரண்டாம் சங்குக்குச் செபம் தொடங்கும். மூன்றாம் சங்கு ஊதும்வரை ஊரில் ஒருவன் நடக்கக்கூடாது, ஒரு வேலை நடக்கக்கூடாது. ஊர் இளைஞர்கள் இடுப்பு வேட்டியை இறுக்கிக்கொண்டு ரோட்டோரம் கம்போடு நிற்பார்கள். வருகிற வண்டி நிற்க வேண்டியதுதான், உள்ளே மந்திரியே இருந்தாலும்.

சங்குச் சத்தம் அடங்கியதும் ஊர் மேல் ஓர் அமைதி வந்து உட்கார்ந்தது. பகலெல்லாம் எதைத் தேடினாரோ அது. போதகர் வீட்டுக்கு ஓடப் புறப்பட்டவர் இரண்டடி போய்த் திரும்பினார். மைக்கைப் பக்கத்து வீட்டைப் பார்த்துத் திருப்பினார். மிஷினை ஓடவிட்டார்; அதன் பச்சை விளக்கு எரிந்தது. பிறகு ஓடினார். நான் செபத்தில் இருக்கிறேன், மிஷின் எந்தச் சபையிலும் சேர்ந்ததில்லையே என்று தனக்குத்தானே ஒரு சமாதானம். ஆனால் மிஷின் ஓடுவதும் வேலைதான். விருந்தாளியாக வந்து, சோறும் தின்றுவிட்டு, ஊரின் செப நேரத்தை மீறியவன் என்று யாருக்காவது தெரிந்திருந்தால் அவரோடு போகாது. அவர் குடும்பத்தின் பெயர், போதகரின் பெயர் எல்லாம் சந்திக்கு வந்திருக்கும்.

மூன்றாம் சங்கு முடிந்ததும் வந்து நிறுத்தினார். பாடகர் குழு வந்தது. நாற்பது பேர் பாடினார்கள். மலாக்கி தலை நிமிரவில்லை. குற்றம் செய்தவன் முகத்தை எங்கே வைப்பான்? மிஷினின் ஊசியைப் பார்த்தபடியே முழுப் பதிவையும் முடித்தார்.

ஆபியாவுக்கு வந்துதான் அந்த இன்னொரு பதிவைக் கேட்டார்.

முதலில் இரண்டாம் சங்கு. பிறகு பவழப்பாறையில் அலை. வெகு தூரத்தில், ஒரே தாளமாக. ஒரு கிழவரின் இருமல். அப்புறம் ஒரு மூச்சு. அந்த மூச்சிலேயே அவர் எழுந்து நின்றுவிட்டார். பெண் பாட்டை எடுத்தாள். சுவரில்லாத வீடு, ஓலைத் தட்டி ஏற்றியிருக்க வேண்டும். குரல் எதிலும் மோதித் திரும்பி வரவில்லை. வாயிலிருந்து கிளம்பியது போய்க்கொண்டே இருந்தது. கிழவரின் அடிக்குரல் ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து வந்தது. ஒரு சிறுமி கூடப் பாடினாள். இரண்டாவது அடியை அந்தப் பெண் அரை மூச்சு தாமதமாக எடுத்தாள். தவறு இல்லை அது. வாசல்வரை வந்தவள் உள்ளே வருவதற்கு முன் நிற்பது போல. கடைசி வரியில் சிறுமி சுரம் தப்பினாள். பெண்ணுக்குச் சிரிப்பு வந்து, செபத்தில் சிரிக்கக்கூடாது என்பதால் பாதியிலேயே கடித்துக்கொண்டாள். கடிபட்ட அந்தச் சிரிப்போடு முடிகிறது.

ஒலிபரப்ப வழியில்லை. முதலிலேயே சங்கு இருக்கிறது. கேட்கிற எவனுக்கும் இது எப்போது எடுத்தது என்று தெரிந்துவிடும். சங்கை வெட்டிவிடலாம். வெட்டினால் அந்த அமைதி போய்விடும். அமைதி போனால் மூச்சு எங்கிருந்து வரும்? நாடாவை அலமாரியில் வைத்தார். அட்டையில் 'லலோவாய்' என்று ஊரை மட்டும் எழுதினார். பாடியவர் என்ற இடம் வெறுமையாகக் கிடந்தது. கேசட்டில் ஒரு நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்.

போய்க் கேட்டிருக்கலாம். அடுத்த வருஷம் போகலாம் என்று நினைத்தார். அதற்கடுத்த வருஷம் கல்யாணம். பிறகு பிள்ளைகள், இரண்டு புயல்கள். வெட்கம் பழசாகப் பழசாக உறைபோட்ட பால் போல இறுகத்தான் செய்தது.

கேசட்டும் தேய்ந்தது. குரல் இருந்தது. முதல் மூச்சு மட்டும் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, ஒருநாள் காணாமல் போயிற்று. அது இப்போது அலமாரியில் இருக்கிற மூல நாடாவில் மட்டும்தான் இருந்தது.

அவர் ஓய்வு பெற ஒரு மாதம் இருந்தபோது அறிக்கை வந்தது. பழைய நாடாக்களையெல்லாம் கணினிக்கு மாற்றப் போகிறார்கள். ஊரோ பாடியவர் பெயரோ இல்லாதவற்றைக் கழித்துவிடலாம். பட்டியலில் நாற்பத்தேழாவதாக லலோவாய் இருந்தது.

அன்று சாப்பாட்டில் கை போகவில்லை. தெலேசியா விஷயத்தைக் கேட்டு வாங்கிவிட்டாள்.

"இதுக்கா இப்படி? ஏதாச்சும் ஒரு பேரை எழுதிப் போடேன். மேரின்னு எழுது. எல்லா ஊர்லயும் ஒரு மேரி இருப்பா."

"அவ மேரி இல்லன்னா?"

"ஏன், வந்து சண்டை போடப் போறாளா?"

மலாக்கி சேம்பைப் பிட்டுப் பிட்டுத் தட்டிலேயே வைத்தார்.

"கணினில நீயே ஏத்தி வெச்சுக்கோயேன், ரகசியமா."

"வெச்சுக்கலாம். ஆனா யாருன்னு தெரியாமலே நான் செத்துப்போவேன் தெலேசியா."

முப்பது வருஷமாகக் கேலி பண்ணிய விஷயம். அது விளையாட்டு இல்லை என்பது அவளுக்கு எப்போதோ தெரியும். கேலி பண்ணித்தான் அதை வீட்டுக்குள் வைத்திருந்தாள்.

"அப்போ போய் மன்னிப்புக் கேளு. வெறுங்கையோட போகாத. முறையாப் போ."

எழுந்துபோய், கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியைத் திறந்தாள். அவள் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்த சீர்ப்பாய். பட்டுப்போல மடியும், ஓரத்தில் சிவப்பு இறகு. மன்னிப்புக் கேட்கிறவர் போர்த்திக்கொண்டு உட்காருகிற பாய் திரும்பி வராது என்று இருவருக்கும் தெரியும்.

"இதையா?"

"வேற எதை? கால் துடைக்கிற பாயையா போத்திக்கிட்டு உக்காருவே?"

நாடாவை நிலையத்தின் கடைசி மிஷினில் ஒரே ஒரு முறை ஓட்டிக் கணினியில் ஏற்றி, ஒரு சின்ன ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டார். மூச்சு இருந்தது. இருவரும் கப்பலேறி சவாயிக்குப் போனார்கள்.

விடிகிற வேளை. லலோவாய் இப்போது கடலோரத்தில் இல்லை. புயலுக்குப் பிறகு மேட்டுக்கு ஏறிவிட்டது. ஊர்த் தலைவர் லேவாயியின் வீட்டு முன் புல்லில் மலாக்கி சம்மணமிட்டுக் குனிந்தார். தெலேசியா பாயை விரித்து அவர் தலை மூடும்படி போர்த்தினாள். பிறகு தானும் முனையைத் தூக்கி உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ எதுக்கு?"

"பாய் என்னோடது. நகரு."

பாய்க்கு வெளியே கால்கள் சேருவது கேட்டது. கொலை, கற்பழிப்பு, வண்டி ஏற்றிக் கொன்றது, இப்படிப்பட்டவற்றுக்குத்தான் இந்த மாதிரி வந்து உட்காருவார்கள். போர்த்தியவரை அடித்தாலும் கேட்பாரில்லை; பாயை விலக்கினால்தான் மன்னிப்பு. ஒருத்தி தன் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவன் உயிரோடு இருக்கிறானா என்று பார்த்தாள்.

லேவாயியின் குரல் வந்தது. எழுபது தாண்டிய, புகையிலை அரித்த குரல்.

"யாருப்பா உள்ளே? எங்க பிள்ளைங்க யாரையாச்சும் என்ன பண்ணினே?"

"யாரையும் ஒண்ணும் பண்ணலீங்க ஐயா. செப நேரத்துல ஒரு மிஷினை ஓடவிட்டேன்."

"எப்போ, நேத்தா?"

"எண்பத்தொண்ணுல."

யாரோ ஒரு பெண் பொங்கிச் சிரித்தாள். அது கூட்டம் முழுக்கப் பரவியது. லேவாயி மட்டும் சிரிக்கவில்லை.

"என்ன மிஷின்?"

"ரேடியோ மிஷின் ஐயா. ஒரு வீட்டு செபப்பாட்டைத் திருடிட்டேன். விருந்து சாப்பிட்ட ஊர்ல திருடினேன்."

"பக்கத்துல யாரு? கூட்டாளியா?"

"சம்சாரம்" என்றாள் தெலேசியா பாய்க்குள்ளிருந்து. "திருடறப்போ நான் இல்லீங்க. திருட்டுச் சாமானோட முப்பது வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன்."

இப்போது லேவாயியும் சிரித்தார். வந்து பாயை விலக்கினார். வெளிச்சம் கண்ணைக் குத்தியது.

"உள்ளே வாங்க. கோக்கோ குடிங்க. முப்பத்தஞ்சு வருஷம் வெச்சிருந்தா எந்தப் பாவமும் ஆறிப்போயிடும். ஆனா திருடினதை இங்க போட்டுக் காட்டணும்."

வீட்டில் பாதி ஊர் உட்கார்ந்திருந்தது. மலாக்கி ஸ்பீக்கரை நடுவில் வைத்துவிட்டு, வழக்கம்போலச் சுற்றிலும் பார்த்தார்: சுவரில் கடிகாரம், மூலையில் ஃப்ரிட்ஜ். ஒன்றையும் நிறுத்தச் சொல்லாமல் பொத்தானை அழுத்தினார்.

சங்கு. அலை. இருமல் வந்ததுமே லேவாயி கையைத் தூக்கினார்.

"இது பெனியாக் கிழவன்! செத்து இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு, இன்னும் இருமறான் பாரு."

பெண் குரல் எழுந்தது. சிறுமி சுரம் தப்பினாள். சிரிப்பு கடிபட்டு நின்றது. பின்வரிசையில், மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த நாற்பது வயதுப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்தத் தப்பு என்னோடது" என்றாள். "தாத்தா வீட்ல நான்தான் இருந்தேன். அது எங்க சித்தி. தலோசங்கா."

தலோசங்கா. மலாக்கி ஒருமுறை சொல்லிப் பார்த்தார், வாய்க்குள். தெலேசியா அவர் முழங்காலில் கையை வைத்தாள்.

"எங்க இருக்காங்க?"

அந்தப் பெண், இயானேத்தா, குழந்தையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "எண்பத்துமூணுல ஆக்லாந்து போனா. ஆஸ்பத்திரியில துணி வெளுக்கிற இடத்துல வேலை. தவறிப்போய் ஏழு வருஷம் ஆச்சு ஐயா. அங்கயே அடக்கம்."

மலாக்கி தலையாட்டினார். கோக்கோ ஆறிக்கொண்டிருந்தது.

"அங்க பாடினாங்களா?"

"சர்ச்சுல பாடினா. கூட்டத்தோட கூட்டமா. தனியா எடுக்கச் சொன்னா மாட்டேன்னுடுவா, கூச்சம். இப்படி ஒரு குரல்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்."

லேவாயி இன்னொரு தடவை போடச் சொன்னார். அப்புறம் இன்னொரு தடவை. மூன்றாம் முறை கிழவர்கள் அடிக்குரலில் சேர்ந்துகொண்டார்கள், பெனியாவைத் தனியே பாடவிட முடியாதவர்கள் போல.

வெயில் ஏறியதும் மலாக்கி பழைய ஊர் இருந்த கடலோரத்துக்குப் போனார். தேவாலயத்தின் படிகள் மட்டும் மிச்சம். பக்கத்தில் பெனியாவின் வீட்டு மேடை. கூழாங்கல் சரிந்து, நடுவில் ஒரு சீமைப்பலாக் கன்று. மேடையேறி நின்று, புது இடத்தில் மைக் வைக்குமுன் செய்வதுபோல ஒருமுறை கையைத் தட்டினார். சத்தம் போயிற்று. திரும்பி வரவில்லை. காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. சுவர் இல்லாத வீடுதான்.

சாயங்காலம் சங்கு ஊதியபோது இருவரும் இயானேத்தா வீட்டுக்குள் இருந்தார்கள். அவள் வீட்டுக்கு இப்போது சிமெண்டுச் சுவர்.

"மிஷின் ஓடுதா ஐயா?" என்று கண்ணால் சிரித்தாள்.

"இல்லம்மா. இன்னைக்கு நானே வந்திருக்கேன்."

அதே பாட்டு. இரண்டாவது அடியில் எல்லோரும் நேரத்துக்கு எடுத்துவிட்டார்கள். மலாக்கி மட்டும் அரை மூச்சு நின்றார்.

ஆபியாவில் அட்டையை எடுத்து வெறும் இடத்தில் எழுதினார்: தலோசங்கா, பெனியாவின் மகள். அடிக்குரல் பெனியா. உடன் இயானேத்தா, ஆறு வயது. அவர் வேலையில் இருந்த கடைசி ஞாயிறு மத்தியானம், லலோவாயின் அனுமதியோடு, சங்கை வெட்டாமல் அது ஒலிபரப்பாயிற்று. தெலேசியா வீட்டிலிருந்து கேட்டாள். கடிகாரத்தை அவளே கழற்றியிருந்தாள்.

மலாக்கிக்கு இதற்குமேல் தெரிய ஒன்றுமில்லை என்றுதான் இருந்தது. அடுத்த ஈஸ்டருக்கு ஆக்லாந்திலிருந்து தலோசங்காவின் அக்கா ஊருக்கு வந்தாள். இயானேத்தா அவளை ஆபியாவுக்கே கூட்டிக்கொண்டு வந்தாள். மலாக்கி பாட்டைப் போட்டுக் காட்டி, அதன் அழகெல்லாம் எங்கே இருக்கிறது என்று சொன்னார்: பதிவாகிறது என்று அவளுக்குத் தெரியாது, அதனால்தான். அக்கா அவரை விநோதமாகப் பார்த்தாள்.

"யாரு சொன்னா தெரியாதுன்னு? ஒரு பையன் ஓடிப்போனான், திரும்பி வந்து மைக்கை நம்ம வீட்டைப் பாத்துத் திருப்பி வெச்சான், படியில பச்சை விளக்கு எரியுதுன்னு என்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கா. அப்பா எடுக்க வேண்டிய பாட்டு அது. நான் எடுக்கறேன்னு அவதான் முந்திக்கிட்டா. அப்புறம் பாடகர் குழுவுல ரெண்டாவது வரிசையில நின்னு உங்களையேதான் பாத்தாளாம். நீங்க நிமிரவே இல்லையாம்."

தலோசங்கா விமானம் ஏறும்வரை, இரண்டு வருஷம், ஒவ்வொரு ஞாயிறு மத்தியானமும் ரேடியோவில் பாட்டு தொடங்குமுன் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, கோழியையும் கூடையோடு தூக்கி வெளியே வைத்துவிட்டு, தன் பாட்டு வருமா என்று வந்து உட்காருவாளாம்.